சாவியும் பதிவேடும்: சாங்கான் நகரத்தின் சுவர்களைப் படித்தல்

சீனத்தின் பழைய தலைநகரான சாங்கானைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் புகழ்ந்துதான் எழுதுவார்கள். சதுரங்கப் பலகை போன்ற நேர்த்தியான தெருக்கள், அந்தக் காலத்து உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று, பாரசீகர் முதல் கொரியர் வரை வந்து கூடிய இடம், ஜப்பானின் நாராவுக்கும் கியோட்டோவுக்கும் முன்மாதிரி. இவை எல்லாம் உண்மை. ஆனால் ஒரு நகரத்தைப் படிக்கும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இரவில் கதவைப் பூட்டியவர் யார்? சாவி யார் இடுப்பில் தொங்கியது? எந்த நேரத்தில் யார் தெருவில் நடக்கலாம் என்று முடிவு செய்தது யார்? ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் மண்ணிலிருந்து வரும் நமக்கு இந்தக் கேள்விகள் தானாகவே வந்துவிடும். அதே சமயம், சுவரைக் கண்ட இடத்திலெல்லாம் அவசரப்பட்டு நம் சுவரையே பார்த்துவிடக் கூடாது என்பதற்கும் சாங்கான் ஒரு நல்ல பாடம்.

இன்றைய சியான் நகரம் இருக்கும் இடத்தில்தான் சாங்கான் இருந்தது. 582-ல் சூயி வம்சத்தின் முதல் பேரரசர் வென், ஹான் காலத்திலிருந்து வந்த பழைய தலைநகரைக் கைவிட்டு, அதற்குத் தென்கிழக்கே புதிய நகரம் ஒன்றைக் கட்ட ஆணையிட்டார். திட்டம் போட்டவர் யூவென் காய். மறு ஆண்டே அரசவை அங்கே குடியேறிவிட்டது. 618-ல் ஆட்சிக்கு வந்த தாங் வம்சம் அதே நகரத்தை எடுத்துக்கொண்டது. அதாவது ஆற்றங்கரையில் நாலு குடிசை, பிறகு ஒரு சந்தை, பிறகு ஒரு கோயில் என்று வளர்ந்த ஊர் அல்ல இது. முதலில் வரைபடம் வந்தது, பிறகு சுவர் வந்தது, கடைசியாகத்தான் மக்கள் வந்தார்கள்.

கிழக்கு மேற்காக ஏறத்தாழ 9.7 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 8.6 கிலோமீட்டர். வடக்கு எல்லையின் நடுவில் அரண்மனை, அதன் தெற்கே அரசு அலுவலகங்கள் நிறைந்த வளாகம். அங்கிருந்து தெற்கு வாசல் வரை 150 மீட்டர் அகலத்தில் ஒரு பெருந்தெரு. வடக்கு தெற்காக 11 தெருக்களும் கிழக்கு மேற்காக 14 தெருக்களும் வெட்டிக்கொண்டதில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட கட்டங்கள் கிடைத்தன. ஒவ்வொரு கட்டமும் ஒரு குடியிருப்பு. சீன மொழியில் அதற்கு ஃபாங் என்று பெயர். நாம் பேட்டை என்று வைத்துக்கொள்வோம். சிறிய பேட்டையே அரை கிலோமீட்டர் அகலம் இருக்கும். ஒவ்வொரு பேட்டையைச் சுற்றியும் மண்ணை இடித்துக் கட்டிய மதில். நகரத்துக்கு வெளிமதில், அதற்குள் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு மதில், அதற்குள் வீட்டுக்கு ஒரு மதில். 654-ல் வெளிமதில் வேலைக்கு மட்டும் 41,000 பேரைப் பிடித்து 30 நாட்கள் மண் இடிக்க வைத்தார்கள்.

பெரும்பாலான பேட்டைகளுக்கு நான்கு திசையிலும் நான்கு வாசல்கள். ஆனால் அரசு வளாகத்துக்கு நேர் தெற்கே இருந்த 36 பேட்டைகளுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் மட்டுமே வாசல். 11-ஆம் நூற்றாண்டில் இந்த நகரத்தைப் பற்றி விரிவாக எழுதிய சோங் மின்சியு இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்: வடக்கே, அதாவது அரண்மனையை நோக்கி, வாசல் வைத்தால் அங்குள்ள உயிர்ச்சக்தி கசிந்துவிடுமாம். வாஸ்து பார்க்கும் நம்மூர் ஆட்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆட்சியாளரின் நலன் கெடாமல் இருக்க ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் திட்டம் மக்களுக்காகப் போடப்பட்டதல்ல என்பதற்குத் தெற்குப் பகுதியே சாட்சி. அங்கே நான்கு வரிசைப் பேட்டைகளில் தாங் ஆட்சி முழுவதும் வீடுகளே அதிகம் இல்லை. மதிலுக்குள் உழவு நடந்தது. வரைபடத்தின் சமச்சீர் கெடக் கூடாது என்பதற்காக, ஆள் இல்லாத நிலத்துக்கும் சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள்.

இனி முரசுக்கு வருவோம். முன்பெல்லாம் காலையிலும் மாலையிலும் ஆட்கள் தெருத்தெருவாகக் கூவி நேரம் அறிவித்தார்கள். ஏழையாகப் பிறந்து உயர்பதவிக்கு வந்த மா சோ என்ற அதிகாரி, இதற்குப் பதிலாகத் தெருக்களில் முரசு வைக்கலாம் என்று 636-ல் யோசனை சொன்னார். அப்போதிருந்து பொழுது சாயும்போது 800 அடி. அது முடிவதற்குள் பேட்டை வாசல்கள் அடைபடும். விடியலுக்கு முன், ஐந்தாம் சாமத்தில், அரண்மனைக்குள்ளிருந்து முரசு தொடங்கும். ஒவ்வொரு தெரு முரசும் அதை வாங்கி அடிக்கும். 3,000 அடிகள், முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வரும் வரை. அப்போது வாசல்கள் திறக்கும். பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு நகரம் முழுவதும் ஒரே ஓசைக்கு எழுந்து ஒரே ஓசைக்கு அடங்கியது.

இடைப்பட்ட நேரத்தில் பெருந்தெருவில் யாரும் நடக்கக் கூடாது. நடந்தால் மெல்லிய கழியால் 20 அடி. தாங் சட்டத் தொகுப்பில் இது தெளிவாக இருக்கிறது. பிரசவம், நோய், சாவு, அரசு வேலை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் கையில் சீட்டு வேண்டும். போகத் தகுந்தவரை விடாமல் தடுத்த காவலருக்கும் தகாதவரை விட்ட காவலருக்கும் 30 அடி. பேட்டை மதிலை ஏறிக் குதித்தால் தடித்த கழியால் 70 அடி. மதிலில் ஓட்டை போட்டுக் கழிவுநீரைத் தெருவில் விட்டால் 60. தெருவை ஆக்கிரமித்தால் 70.

தடை பெருந்தெருக்களுக்குத்தான், பேட்டைக்குள் இரவில் நடமாடலாம். பக்கத்து வீட்டுக்குப் போகலாம், குடிக்கலாம், அழலாம், சண்டை போடலாம். வெளியே மட்டும் வர முடியாது. சாவி பேட்டைத் தலைவரிடம் இருக்கும். வாசலைப் பூட்டித் திறப்பதும், தப்புத்தண்டா செய்பவர்கள் யார் என்று கண்காணித்துச் சொல்வதும் அவர் வேலை. பேட்டை முனைகளில் காவல் சாவடிகள். பெரிய சாவடியில் 30 பேர், சிறியதில் 5 பேர், பெரிய நகர வாசல்களில் 100 பேர். இரவு இரண்டாம் சாமத்தில் ஜின்வு காவற்படையின் குதிரை வீரர்கள் கூவிக்கொண்டே ரோந்து போவார்கள். அதே நேரத்தில் வேறு சிலர் சத்தமில்லாமல் ஒளிந்து நோட்டம் விடுவார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, முதல் மாதத்து முழுநிலவை ஒட்டிய விளக்குத் திருவிழாவின் மூன்று இரவுகளில் மட்டும் தடை நீங்கும். அந்த மூன்று இரவுகளில் ஊரே தெருவில் திரண்டது என்று படிக்கும்போது, மற்ற இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்பது நமக்குப் புரிகிறது.

கடைவீதிக்கும் இதே கட்டுப்பாடுதான். கிழக்குச் சந்தை, மேற்குச் சந்தை என இரண்டு; ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நண்பகலில் 300 முரசடிக்குத் திறக்கும், பொழுது சாய்வதற்கு முன்பே 300 மணியோசைக்கு மூடும். வணிகம் இந்த இரண்டு மதில்களுக்குள்தான் நடக்க வேண்டும். மேற்குச் சந்தைப் பக்கம் சோக்தியர், பாரசீகர் போன்ற வெளிநாட்டு வணிகர்கள் இருந்தார்கள். நெஸ்தோரியக் கிறிஸ்தவர்களுக்கு 638-லேயே ஒரு பேட்டையில் கோயில் கட்ட அனுமதி கிடைத்தது. இந்தத் திறந்த மனதைத்தான் வரலாற்று நூல்கள் கொண்டாடுகின்றன. அதே சந்தையில் மனிதரும் விலைக்குக் கிடைத்தார்கள் என்பதற்குப் பிறகு வருவோம்.

ஆட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானா? இல்லை. பேட்டை மதிலை உடைத்துத் தன் வீட்டு வாசலைப் பெருந்தெருவுக்கு நேராகத் திறக்கும் உரிமை மூன்றாம் நிலைக்கு மேற்பட்ட அதிகாரிகளுக்கும் இன்னும் ஓரிரு விலக்குகளுக்கும்தான் இருந்தது. மற்ற எல்லோரும் சந்துக்குள் நுழைந்து பேட்டை வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒருவரின் தகுதி என்ன என்பதை அவர் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம். தெருக்கள் எல்லாம் மண் தெருக்கள். மழை பெய்தால் சேறு. புதிதாக ஒருவர் தலைமை அமைச்சரானால் அவர் வீட்டிலிருந்து தெருவில் மணல் கொட்டிப் பாதை போடுவார்கள், குதிரையின் கால் சேற்றில் படாமல் இருக்க. மற்றவர்கள் சேற்றில் நடந்தார்கள்.

இந்த ஒழுங்கு தெருவில் யார் பக்கம் நின்றது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். எழுதி வைத்தவர் ஹான் யூ, தாங் காலத்தின் பெரிய அறிஞர், அரசவை வரலாற்றைத் தொகுத்தவர். 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் "அரண்மனைக் கொள்முதல்" என்று ஒரு நடைமுறை இருந்தது. அரண்மனையின் திருநங்கையர் அல்லாத, விதையடிக்கப்பட்ட ஆண் பணியாளர்கள் சந்தைக்கு வந்து, அரசருக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொருள் அவர்களுடையது. கொடுப்பது பேருக்கு ஒரு துண்டுத் துணி. பை ஜூயி எழுதிய கரி விற்கும் கிழவரின் கவிதை இதைப் பற்றியதுதான்.

ஒரு நாள் ஓர் உழவர் கழுதை மேல் விறகு ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வந்தார். அரண்மனை ஆள் ஒருவர் மறித்தார். விறகுக்குச் சில முழம் பட்டுத் துணியைக் கொடுத்தார். பிறகு வாசல் கட்டணம் என்று ஒன்றைக் கேட்டார். அதற்கும் பிறகு, விறகை அரண்மனை வரை கொண்டு சேர்க்கக் கழுதையும் வேண்டும் என்றார். உழவர் அழுதார். வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுத்தார், விறகை இலவசமாகவே வைத்துக்கொள்ளச் சொன்னார். அரண்மனை ஆள் விடவில்லை, கழுதை வந்தே ஆக வேண்டும். தாயும் தகப்பனும் பெண்டாட்டி பிள்ளைகளும் இதை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள், சும்மா கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாலும் விடமாட்டேன் என்கிறீர்கள், இனிச் சாவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டு அந்த உழவர் அவரை அடித்தார்.

தெருக் காவலர்கள் யாரைப் பிடித்தார்கள்? உழவரைத்தான். விறகு பறிபோனபோது அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது பதிவில் இல்லை. விவகாரம் பேரரசர் வரை போனது. அவர் அந்த அரண்மனை ஆளைப் பதவி நீக்கி, உழவருக்கு 10 சுருள் பட்டு கொடுத்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கொள்முதல் முறை மாறவில்லை என்று ஹான் யூ அடுத்த வரியிலேயே குறித்து வைக்கிறார். ஒருவருக்கு இழப்பீடு, நடைமுறைக்குப் பாதுகாப்பு. வன்கொடுமை வழக்குகளில் நிவாரணத் தொகைக்கு அலைந்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 805-ல் அடுத்த பேரரசர் வந்த பிறகுதான் அந்தக் கொள்முதல் முறை நிறுத்தப்பட்டது.

சரி, இவ்வளவு சுவரும் முரசும் காவலும் சேர்ந்து பாதுகாப்பையாவது தந்தனவா? 815-ல் தலைமை அமைச்சர் வூ யுவான்ஹெங் விடியற்காலையில் அரசவைக்குப் புறப்பட்டார். தன் பேட்டையின் கிழக்கு வாசலைத் தாண்டியதுமே ஒளிந்திருந்தவர்கள் அம்பெய்து, விளக்குகளை அணைத்து, அவரைக் கொன்று தலையை எடுத்துக்கொண்டு போனார்கள். அதே காலையில் வேறொரு பேட்டையில் பெய் டூ என்ற இன்னொரு உயர் அதிகாரி தாக்கப்பட்டு, சாக்கடைப் பள்ளத்தில் விழுந்ததால் உயிர் பிழைத்தார். அதற்குப் பிறகு அமைச்சர்களுக்கு ஜின்வு வீரர்கள் துணைக்குப் போனார்கள். கொலைகாரர்களை உடனே பிடிக்க வேண்டும் என்று முதலில் மனு எழுதிய பை ஜூயி, வரம்பு மீறிவிட்டார் என்று தொலைதூர ஊருக்கு மாற்றப்பட்டார்.

மறுபக்கம், வீதியில் திரியும் இளைஞர்கள் மீது அரசு எப்படிப் பாய்ந்தது என்று பாருங்கள். 9-ஆம் நூற்றாண்டில் பச்சை குத்திக்கொண்ட இளைஞர் கும்பல்கள் சந்தைகளில் அடாவடி செய்தன. அவர்களில் ஒருவர், உயிரோடிருக்கும்போது நகர ஆளுநருக்கு அஞ்சமாட்டேன் என்று ஒரு கையிலும், செத்த பின் எமனுக்கு அஞ்சமாட்டேன் என்று மறு கையிலும் பச்சை குத்தியிருந்தாராம். ஆம், நம் எமன்தான். பௌத்தத்தோடு சீனம் போனவர். சூயே யுவான்ஷாங் என்ற ஆளுநர் பதவியேற்ற மூன்றே நாளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களை இரகசியமாகப் பிடித்து, அடித்தே கொன்று, பிணங்களைச் சந்தையில் போட்டார். பச்சை குத்தியிருந்த மற்றவர்கள் தோலைச் சுட்டு அழித்துக்கொண்டார்கள். விசாரணை என்று எதுவும் பதிவில் இல்லை. அவர்கள் நல்லவர்கள் என்று நாம் வாதாட வரவில்லை. என்கவுன்ட்டருக்கு இனிப்பு கொடுத்துக் கொண்டாடும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதைத்தான் சொல்கிறோம்.

இதுவரை சொன்னது சாவியின் கதை. இனிப் பதிவேட்டின் கதை.

தாங் சட்டம் மக்களை இரண்டாகப் பிரித்தது: நல்லோர், இழிந்தோர். உழவர், கைவினைஞர், வணிகர், அதிகாரி எல்லோரும் நல்லோர். அந்த நல்லோருக்குள்ளும் கைவினைஞர், வணிகர் குடும்பங்கள் அரசுப் பதவிக்கு வர முடியாது என்பது வேறு. இழிந்தோர் என்பதில் தனியார் அடிமைகள், அரசு அடிமைகள், பண்ணையாட்கள், சில வகை இசைக் கலைஞர்கள், அரசுக்கு ஊழியம் செய்யப் பிறப்பாலேயே விதிக்கப்பட்ட குடும்பங்கள் எனப் பல படிகள். அடிமையைக் கால்நடைக்கு ஒப்பான சொத்தாகவே சட்ட உரை கருதுகிறது. சந்தையில் அடிமையையோ குதிரையையோ மாட்டையோ வாங்கினால் மூன்று நாளுக்குள் சந்தை அதிகாரியிடம் பத்திரம் எழுத வேண்டும். தவறினால் வாங்கியவருக்கு 30 அடி. ஒரே விதி, ஒரே வரிசை.

திருமணத்தில் விதி இன்னும் கடுமை. தன் அடிமைக்கு நல்லோர் வீட்டுப் பெண்ணை மணம் முடித்து வைத்தவருக்கு ஒன்றரை ஆண்டு கட்டாய உழைப்புத் தண்டனை. அரசு ஊழியக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேதான் மணக்க வேண்டும். இதைச் சொல்லச் சட்டம் பயன்படுத்தும் சொல் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. "வகை" என்பதற்கு அங்கே வரும் சீன எழுத்தின் முதன்மைப் பொருள் "நிறம்". வர்ணம் என்ற வடசொல்லுக்கும் அதே பொருள்தான். ஒரு மொழி இன்னொன்றிடம் கடன் வாங்கியது என்று நாம் சொல்லவில்லை. மனிதரைத் தரம் பிரித்து அடுக்க நினைக்கும் அதிகாரத்துக்கு நிறம் என்ற சொல் எங்கேயும் கைக்கு வசதியாக அகப்படுகிறது போலும். அகமணம்தான் சாதியின் உயிர் என்று அண்ணல் அம்பேத்கர் 1916-லேயே எழுதியதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தச் சட்டத்தைப் படியுங்கள்.

சுவருக்குள் சுவரும் இருந்தது. கிழக்குச் சந்தைக்கு அருகில் பிங்காங் என்ற பேட்டை. அதன் ஒரு பகுதியில் பாடவும் ஆடவும் விருந்தினரை மகிழ்விக்கவும் பழக்கப்பட்ட பெண்கள் வைக்கப்பட்டிருந்தார்கள். தேர்வெழுத வந்த இளைஞர்கள் அங்கே பொழுதைக் கழித்ததைக் காதலும் கவிதையுமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 884-ல் அந்த இடத்தைப் பற்றி எழுதிய சுன் சீ, ரசனையோடு எழுதினாலும், சில உண்மைகளை மறைக்கவில்லை. பலர் வறுமையில் விற்கப்பட்டவர்கள், அல்லது மணம் முடிப்பதாக ஏமாற்றி அழைத்து வரப்பட்டவர்கள். அவர்களை வளர்த்த "தாய்மார்கள்" அடித்துத்தான் பழக்கினார்கள். மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் அதே பேட்டையில் இருந்த பௌத்த மடத்துக்குப் போதனை கேட்கப் போக, ஒவ்வொரு பெண்ணும் அந்தத் தாய்க்கு ஒரு சரம் காசு, அதாவது பெயரளவில் ஆயிரம் காசு, கட்ட வேண்டும். நகரத்துக்குச் சாவி பேட்டைத் தலைவரிடம். இந்தப் பெண்களுக்கோ அதற்கும் உள்ளே இன்னொரு பூட்டு.

இங்கே நிறுத்தி, இதையும் நம் சேரியையும் ஒப்பிடலாமா என்று கேட்போம். அவசரப்பட்டால் தவறு செய்வோம். சாங்கானின் பேட்டை மதில், தீட்டுக்காகக் கட்டிய மதில் அல்ல. ஒரே மதிலுக்குள் அமைச்சரும் துறவியும் கூலியும் இருந்தார்கள். அடிமை ஆண்டையின் வீட்டுக்குள்ளேயே தூங்கினார், அவர் உணவைச் சமைத்தார். இழிவு பதிவேட்டில் இருந்தது, தொடுகையில் இல்லை. ஆண்டை எழுதிக் கொடுத்தால் அடிமை நல்லோராகவும் ஆகலாம். சட்டம் அதற்கு வழி வைத்திருந்தது. நம்மை ஊருக்கு வெளியே நிறுத்திய ஒழுங்கு வேறு வகை.

இந்த வேறுபாட்டை அந்த நகரத்து மனிதர்களே நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். பாஹியான் 399-ல் பழைய சாங்கானிலிருந்து புறப்பட்டு இந்தியா வந்தார். சண்டாளர்கள் தனியே வசித்தார்கள் என்றும், நகரத்துக்குள்ளோ சந்தைக்குள்ளோ நுழையும்போது ஒரு கட்டையைத் தட்டித் தங்கள் வருகையைத் தெரிவித்தார்கள், மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள் என்றும் அவர் எழுதுகிறார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் யுவான் சுவாங், நாட்டை விட்டுப் போகக் கூடாது என்ற தாங் அரசின் தடையை மீறிக் கிளம்பி, இந்தியாவைச் சுற்றி, காஞ்சிபுரம் வரை வந்து, 645-ல் சாங்கான் திரும்பினார். தடையை மீறிப் போனவருக்கு ஊரே திரண்டு வரவேற்பு கொடுத்தது. பேரரசர் கேட்டுக்கொண்டபடி 646-ல் அவர் முடித்த நூலில், கசாப்புக்காரர், மீனவர், கூத்தாடிகள், தூக்கிலிடுவோர், மலம் அள்ளுவோர் ஆகியோரின் வீடுகளுக்கு அடையாளம் இடப்பட்டிருந்தது, அவர்கள் நகரத்துக்கு வெளியே வாழ வேண்டும், ஊருக்குள் வந்தால் இடப்பக்கமாக ஒதுங்கிப் போக வேண்டும் என்று குறிக்கிறார்.

நூறு மதில்கள் கொண்ட நகரத்திலிருந்து வந்தவர் அவர். கதவு அடைபடுவதும் ஊரடங்கும் அவருக்குப் புதிதல்ல. அவர் ஊரில் அரசு முரசடித்து எல்லோரையும் உள்ளே அடைத்தது. பாஹியான் பார்த்த இடத்திலோ ஒருவர் தானே கட்டையைத் தட்டித் தன்னை அறிவிக்க வேண்டும், அதுவும் நட்ட நடுப்பகலில். அதற்குக் காவற்படை தேவைப்படவில்லை, சீட்டு தேவைப்படவில்லை, 800 அடி முரசு தேவைப்படவில்லை. அம்பேத்கர் 1948-ல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில் இந்த இரு பயணிகளின் குறிப்புகளையும் எடுத்து வைத்துத்தான், தீண்டாமை எப்போது தோன்றியது என்று வாதிட்டு, ஏறத்தாழ கி.பி. 400 என்ற முடிவுக்கு வந்தார். சீனப் பயண நூல் நமக்கு வெறும் தேர்வுப் பாடம் அல்ல.

சாங்கானின் மதில்களுக்கு என்ன ஆனது? எந்தப் பேரரசரும் கருணையோடு இடிக்கவில்லை. மக்கள் அரித்தார்கள். 767-ல் ஓர் ஆணை: மதிலை உடைத்து, கூரையை நீட்டி, தெருவை ஆக்கிரமித்துக் கட்டியதையெல்லாம் இடித்துத் தள்ள வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற சொல் நமக்குப் பழக்கமானதுதானே. 831-ல் ரோந்து அதிகாரிகள் புலம்பி ஒரு மனு கொடுக்கிறார்கள்: தகுதியில்லாதவர்கள் எல்லாம் தெருவைப் பார்த்து வாசல் வைத்திருக்கிறார்கள், முரசடிக்கும் முன்பே திறக்கிறார்கள், இரவு வெகுநேரம் ஆகியும் மூடுவதில்லை, எங்களால் கண்காணிக்க முடியவில்லை. 840-ல் தலைநகரில் இரவுச் சந்தைக்குத் தடை. தடை போட்டார்கள் என்றால் சந்தை நடந்தது என்று பொருள். தேர்வெழுத வந்தவர்கள் தங்கிய சோங்ரென் பேட்டையில் இரவெல்லாம் விளக்கு அணையவில்லை. வாசல் வைத்தவர்கள் எழுதிய எதுவும் நம்மிடம் இல்லை. அவர்களைப் பற்றி அதிகாரிகள் எழுதிய புகார்கள்தான் இருக்கின்றன. புகாரைப் புரட்டிப் போட்டுப் படிக்கப் பழகினால், அங்கே ஒரு தேநீர்க்கடையோ பலகாரக் கடையோ வைத்துப் பிழைக்க முயன்ற குடும்பம் தெரியும்.

881-ல் உப்புக் கடத்தல்காரராக இருந்து கிளர்ச்சித் தலைவரான ஹுவாங் சாவ் நகரத்தைப் பிடித்தார். 904-ல் சூ வென் என்ற படைத்தலைவர் பேரரசரையும் நகர மக்களையும் கிழக்கே லுவோயாங்குக்கு விரட்டி, வீடுகளைப் பிரித்து, மரங்களை வெய் ஆற்றில் மிதக்க விட்டுக் கொண்டு போனார். சாங்கான் அதன் பிறகு தலைநகராகவில்லை. அடுத்து வந்த சோங் வம்சத்தின் தலைநகர் கைஃபெங்கில், 965-ல், இரவு மூன்றாம் சாமம் வரை இரவுச் சந்தையைத் தடுக்கக் கூடாது என்றே ஆணை வந்தது. பேட்டை மதில்கள் மறைந்தன. கடைகள் தெருவைப் பார்த்துத் திறந்தன.

பதிவேடு மட்டும் அவ்வளவு சீக்கிரம் மறையவில்லை. யார் யார் அதில் எழுதப்பட்டார்கள் என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறியது, பழைய பிரிவுகள் சில போயின, புதியவை வந்தன. ஆனால் இழிந்தோர் என்ற சட்டப் பிரிவு இருந்துகொண்டே இருந்தது. 1723-ல்தான் சிங் வம்சத்தின் யோங்செங் பேரரசர், சான்சி, ஷான்சி மாகாணங்களில் பரம்பரை பரம்பரையாக இழிந்தோராக வைக்கப்பட்டிருந்த இசைக் குடும்பங்களை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினார். அந்த இரண்டு மாகாணங்களில் ஒன்றில்தான் பழைய சாங்கான் இருந்தது. விடுதலை பெற்ற குடும்பத்துப் பிள்ளைகள் அரசுத் தேர்வு எழுதலாமா என்ற கேள்வி உடனே எழுந்தது. 1771-ல் பதில் வந்தது: தொழிலை விட்டுவிட்டதாக அதிகாரியிடம் பதிவு செய்தவரிலிருந்து எண்ணி, நான்கு தலைமுறை கழிய வேண்டும், அதுவரை நெருங்கிய உறவினர் ஒருவர்கூடப் பழைய தொழிலைத் தொட்டிருக்கக் கூடாது.